கருகின ஓரத்தை வெட்டி எறிஞ்ச மனுஷன்

எங்க வீட்டுக்காரருக்கு பாய்லரைச் சோதிக்கிற உத்தியோகம். காகித ஆலை, சாய ஆலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்னு எங்கெல்லாம் நீராவி அடிக்குதோ அங்கெல்லாம் இவர் போய் நிப்பார். இவர் தலை தெரிஞ்சதுமே, "மீட்டர் வந்தாச்சு"ன்னு வாசல் கேட்டுல இருந்து உள்ள வரைக்கும் சேதி ஓடும். அவங்க வெச்ச பேருதான் மீட்டர். பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு சம்பளச் சீட்டுல மட்டும் பத்திரமா இருக்கு. நானே முதுகுக்குப் பின்னாடி மீட்டர்னுதான் சொல்றேன், ஊரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண?

மனுஷன் கண்ணை நம்ப மாட்டார், கையை நம்ப மாட்டார். முள் எந்த நம்பர்ல நிக்குதுன்னு காட்டினாத்தான் நம்புவார். எங்க மகளுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து நான் நெத்தியில கை வெச்சுப் பார்த்தா, "கை என்ன மெஷினா?"ன்னு கேட்பார். கல்யாணமான புதுசுல ஒரு நாள் ஆசை ஆசையா டீ போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "அறுபது டிகிரிக்கு இறங்கிடுச்சு"ன்னார். டீ நல்லா இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனா வேலையில சுத்தம். அதை நான் சொல்லியே ஆகணும். வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைச்சு, ஆறவெச்சு, மூடியைக் கழட்டி, உள்ள இறங்கி டார்ச் அடிச்சுப் பார்க்கணும்ங்கிறது சட்டம். எந்த முதலாளிக்கும் அது பிடிக்காது. ஒரு நாள் அணைச்சா ஒரு நாள் உற்பத்தி போச்சே. "நல்லாத்தானே சார் ஓடுது, எதுக்குத் திறக்கணும்?"னு கெஞ்சுவாங்களாம். அந்த முதலாளிங்க கழுத்தைச் சாய்ச்சுக் குழையிறதை இவர் சாப்பாட்டு மேஜையில நடிச்சே காட்டுவார். எங்க மக வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பா. கடைசியில இவர் குரலைத் தாழ்த்தி, வெடிச்ச பாய்லர் எல்லாம் முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்வார். அதுக்கப்புறமும் திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற இடத்துல, எண்ணெய் வர்ற வால்வுல கம்பியைச் சுத்தி, ஈயக் குண்டை வெச்சு, துறை முத்திரை இருக்கிற குறடால ஒரு அழுத்து அழுத்திட்டு வந்துடுவார். அந்த சீலை உடைச்சா ஜெயில். உள்ள இறங்கிப் பார்க்காம இவர் எந்த சீலையும் எடுத்ததில்ல.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு இருந்த ஒரே பலவீனம் கறி. அதுவும் நெருப்புல காட்டி, ஓரமெல்லாம் கரிக்கட்டையா ஆகற வரைக்கும் சுட்ட கறி. எண்ணெய் டிரம் ஒண்ணைப் பாதியா அறுத்து, மேல கம்பி வலை அடிச்சு, ஏதோ ஒரு ஆலை வெல்டர்கிட்ட செஞ்சு வாங்கிட்டு வந்தார். ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தரையில அதை வெச்சு மூட்டுவார். கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு எகிறும், புகை பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும் போகும், அவங்க துணியெல்லாம் அவசரமா எடுத்துட்டு உள்ள ஓடுவாங்க. நாள் பூரா மீட்டரைக் கட்டிக்கிட்டு அழற மனுஷன், அந்த அடுப்புக்கு மட்டும் மீட்டர் வெச்சதே இல்ல. கருகின ஓரம் யாருக்குன்னு அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு சண்டை நடக்கும். பாதி நாள் மக விட்டுக்குடுத்துடுவா.

என் தம்பி கறிக்கடை வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திட்டு எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான். மாமாவுக்காகவே தனியா ஒரு ஆடு வளர்க்கணும்போல இருக்குக்கான்னு கிண்டல் பண்ணுவான்.

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, மனுஷன் அடுப்பு மூட்டல. ஆபீஸ்ல அச்செடுத்த ஒரு கத்தைத் தாளை மடியில வெச்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடி நுனி மூக்குல, உர்ருன்னு உட்கார்ந்திருந்தார். என்னங்க ஆச்சு, நெருப்பு போடலையான்னு கேட்டேன். இனிமே இந்த வீட்ல அந்த நெருப்பு கிடையாதுன்னுட்டார்.

அப்புறம் எங்க எல்லாரையும் உட்காரவெச்சு ஒரு வகுப்பு எடுத்தார் பாருங்க. ரொம்ப அதிகச் சூட்டுல கறியை வறுத்தாலோ சுட்டாலோ, கறிக்குள்ள இருக்கிற சத்துங்களே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஏதோ ரசாயனமா மாறுதாம். கொழுப்பு நெருப்புல சொட்டினா, அந்தப் புகையில இருந்து இன்னொரு ரசாயனம் கிளம்பி, மேல வந்து கறியிலயே ஒட்டிக்குதாம். ரெண்டும் உடம்புக்குள்ள போய் உயிரணுவோட அடிமடியிலயே கை வெச்சு, புற்றுநோய்ல கொண்டுபோய் விட்டுடுமாம். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கிட்டே போச்சு. நான் வாயைப் பிளந்துக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். தம்பி மட்டும், "நான் வேணா பூக்கடை வெச்சுடட்டுமா மாமா?"ன்னு கேட்டான்.

எங்க மக மருந்துக்கடையில மருந்தாளுநரா இருக்கா. அவ தாளை வாங்கி நிதானமாப் படிச்சா. இது பொய்யில்லப்பா, ஆனா நீங்க சொல்ற மாதிரியும் இல்லைன்னா. எலிங்களுக்கு அந்த ரசாயனத்தை நம்ம தட்டுல வர்றதை விடப் பல மடங்கு குடுத்துப் பார்த்தப்போ வந்திருக்கு. மனுஷங்க விஷயத்துல சில ஆராய்ச்சி ஆமாங்குது, சில ஆராய்ச்சி உறுதியா சொல்ல முடியலைங்குது. வரக்கூடும்னுதான் போட்டிருக்கு. கருக்காம சாப்பிடறது நல்லதுதான், அதுக்காகப் பயந்து சாக வேண்டியதில்லைன்னு பொறுமையா எடுத்துச் சொன்னா. எங்க வீட்டுக்காரர் அந்த 'கூடும்'ங்கிறதை எப்பவோ முழுங்கி ஏப்பம் விட்டுட்டார்.

அப்புறம் அவ ஒண்ணு கேட்டா. "வயசானா குடலை ஒரு தடவை உள்ள பார்த்துக்கிறது நல்லதுன்னு இதுலயே இருக்கேப்பா. நீங்க பார்த்துக்கலாமே?"

அவர் தாளை அவ கையில இருந்து வாங்கி நாலா மடிச்சார். அதெல்லாம் கருகினதை விடாம தின்னுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, நான்தான் இன்னைல இருந்து விட்டுட்டேனேன்னு எழுந்து போயிட்டார்.

அன்னைல இருந்து எங்களுக்குப் பிடிச்சுது சனி. டிரம்மைக் கவுத்துப் போட்டு செடித்தொட்டி வெக்கிற மேடை ஆக்கிட்டார். அடுப்படியில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தெர்மாமீட்டர். கறியை முதல்ல மைக்ரோவேவ்ல கொஞ்சம் வேகவெச்சு, அதுல வர்ற சாறைக் கொட்டிட்டு, அப்புறம் சின்னத் தணல்ல தட்டை வெச்சு, நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பணும். நான் கொஞ்சம் அசந்தா, "திருப்பு, திருப்பு"ன்னு பக்கத்து அறையில இருந்தே சத்தம் வரும். எங்கேயாவது எள்ளளவு கருப்பு தெரிஞ்சா கத்திரிக்கோல் எடுத்து அதை மட்டும் வெட்டி எறிவார். அந்தக் கத்திரிக்கோல் நான் நகம் வெட்டுறது. கடைசியில தட்டுக்கு வர்ற கறியைப் பார்த்தா, பத்து நாள் ஜுரத்துல கிடந்து எழுந்த ஆளு மாதிரி வெளுத்துக் கிடக்கும். ருசின்னு ஒண்ணு கிடையாது, மெல்லலாம், அவ்வளவுதான். தம்பி ரெண்டு வாய் மென்னுட்டு, இந்த ஆட்டை நான் வெட்டினதே வீண்கான்னு என் காதுல சொல்வான். நாங்க ரெண்டு பேரும் அடுப்படிக்குள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்போம்.

வீட்டோட நிறுத்தினாலும் பரவாயில்ல. தம்பி கடைக்குப் போய், கறி வாங்க நிக்கிறவங்களை ஒவ்வொருத்தரா, எப்படிச் சமைப்பீங்கன்னு விசாரிக்க ஆரம்பிச்சார். வறுப்போம்னு யாராவது சொல்லிட்டா போச்சு, அவங்களுக்கு அங்கேயே வகுப்பு. ஒரு அம்மா பயந்துபோய், எடை போட்ட கறியைத் திருப்பிக் குடுத்துட்டு முட்டைக்கோஸ் வாங்கப் போயிட்டாங்க. தம்பி கை ரெண்டையும் கூப்பி, மாமா, இன்னைக்கு ஒரு நாள் எதிர்க்கடையில போய்ப் பேசுங்களேன்னு கெஞ்சினானாம்.

இந்தக் கூத்தெல்லாம் உச்சத்துக்குப் போனது அவங்க ஆபீஸ்ல. மேலதிகாரி ஓய்வு பெறுறார்னு ஆபீசுக்குப் பின்னாடி இருக்கிற புல்தரையில விருந்து. கோழியைச் சுடுற பொறுப்பை யாரும் கேட்காமலே இவர் இழுத்துப் போட்டுக்கிட்டார். கிரில்லுக்கு மேல ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, முள் இவர் கோடு போட்ட இடத்தைத் தாண்டக்கூடாதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நின்னார். தணல் கொஞ்சம் நிமிர்ந்தா தண்ணி தெளிப்பார். வந்தவங்க வயிறு கூவ ஆரம்பிச்சு ரொம்ப நேரம் கழிச்சு, ஒரு புள்ளி கருப்பு இல்லாம, தங்க நிறத்துல கோழி மேஜைக்கு வந்துச்சு. பார்க்க அவ்வளவு அழகு. எல்லாரும் பசியில அள்ளி அள்ளித் தின்னாங்க. நானும்தான் தின்னேன்.

மறுநாள் பாய்லர் துறையே படுத்துடுச்சு. மேலதிகாரி, சர்வீஸ்ல லீவே போடாத மனுஷன்னு விருந்துல பாராட்டிப் பேசினாங்களே, அவர் பாக்கி இருந்த கடைசி நாலு நாளையும் கழிவறையிலயே கழிச்சார். எங்க வீட்ல ஒரே ஒரு கழிவறை, நாங்க ரெண்டு பேரு. அந்த அவஸ்தையை நான் எப்படிச் சொல்ல?

மக மருந்தோட ஓடி வந்தா. தெர்மாமீட்டரைக் கோழிக்கு உள்ள குத்திப் பார்த்தீங்களாப்பான்னு கேட்டா. அவர் படுக்கையில இருந்தபடியே, அது எதுக்கு உள்ள, விஷம் உண்டாகறது மேல்பக்கத்துலதானே, அதனால மேலதான் பார்த்தேன்னார். உள்ள வேகாம கிருமி எப்படிச் சாகும்னு தலையில அடிச்சுக்கிட்டா அவ. ஊர்ல இருக்கிற பாய்லரை எல்லாம் உள்ள இறங்கிப் பார்க்கிற மனுஷன், ஒரு கோழியை வெளியில இருந்து பார்த்தே பாஸ் போட்டுட்டார்.

அந்த வாரம்தான் நான் அதைப் பார்த்தேன். அவர் கழிவறைக்குப் போயிட்டு வந்த பிறகு தண்ணி சரியா இறங்கல. உள்ள ரத்தம். லேசா இல்ல, நல்லாவே இருந்துச்சு. என்னங்க இதுன்னு கேட்டா, "அந்தக் கோழிதான்"னு சட்டுனு சொன்னார். ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கிடந்த நேரம், நானும் சரின்னு விட்டுட்டேன்.

ஒரு வாரத்துல எனக்குச் சரியாச்சு. மேலதிகாரிக்குச் சரியாச்சு. இவருக்கு மட்டும் ஆகல. ஒரு மாசம் கழிச்சுத் துவைக்கப் போட்ட துணியிலயும் அந்தக் கறை. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டார். மாடிப்படி ஏறி வந்தா மூச்சு வாங்கினார். கேட்டா, கருகின கறியை நிறுத்தினதால உடம்பு லேசாகுது, அழுக்கெல்லாம் வெளியேறுதுன்னார். எந்த மடையன் சொன்னான்னு கேட்டேன்.

மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் டாக்டரம்மாகிட்ட போனோம். அந்தம்மா அதிகம் பேசாது. வயித்தை அமுக்கிப் பார்த்துச்சு, ரத்தம் எடுத்துச்சு. ரத்தம் குறைஞ்சு கிடக்கு, குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்னுச்சு. இவர் உடனே தன்னோட தெர்மாமீட்டர் புராணத்தை ஆரம்பிச்சார். எந்தச் சூட்டுல வேகவெக்கிறோம், எத்தனை தடவை திருப்புறோம், கத்திரிக்கோல் எப்படி உதவுது. டாக்டரம்மா பாவம் முழுசாக் கேட்டுச்சு. எல்லாம் நல்ல பழக்கம்தான், தொடர்ந்து செய்யுங்க, ஆனா உள்ள பார்க்கணும்னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுச்சு.

யோசிச்சுச் சொல்றேன்னு வந்தவர் யோசிச்சுக்கிட்டே இருந்தார். முதல்ல, ஆலை ஒண்ணுல முக்கியமான சோதனை இருக்குன்னார். அப்புறம், கேமரா போகும்போது குடல்ல கீறிடும்னு யாரோ சொன்னாங்கன்னார். அப்புறம், காரணத்தையே நிறுத்திட்டா காரியம் தானா நின்னுடும், கொஞ்சம் பொறுன்னார். இப்போ அவிச்ச கறியைக்கூடச் சந்தேகமாப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். ரொட்டி லேசாச் சிவந்தா தூரப் போட்டார். உள்ளுக்குள்ள ஒழுகிக்கிட்டே இருக்கிற மனுஷன், ரொட்டியோட நிறத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். மக அழுது பார்த்தா. தம்பி, கடையை மூடிட்டு நானும் கூட வர்றேன் மாமான்னு காலைப் பிடிக்காத குறையா கேட்டான். நான் திட்டினேன், பேசாம இருந்தேன், மறுபடியும் திட்டினேன். எதுவும் நடக்கல. எனக்குக் கறியும் முக்கியமில்ல, அந்த ஆராய்ச்சியும் முக்கியமில்ல. இந்தக் கிறுக்கு மனுஷன் எனக்கு வேணும், அவ்வளவுதான். அவர் என் கண்ணு முன்னாடியே கரைஞ்சுக்கிட்டு இருந்தார்.

ஒரு நாள் காலையில அவர் குளிக்கப் போன நேரம், அவரோட வேலைப் பையைத் திறந்தேன். கம்பி, ஈயக் குண்டு, குறடு மூணையும் எடுத்தேன். அடுப்படி கேஸ் குழாயோட வால்வை மூடி, கம்பியைச் சுத்தி, குண்டைக் கோத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு குறடை அழுத்தினேன். முதல் குண்டு நசுங்கிப்போச்சு. ரெண்டாவது கோணலா விழுந்தாலும் முத்திரை தெளிவா விழுந்துச்சு.

அவர் தலையைத் துவட்டிக்கிட்டே டீக்கு வந்தார். அடுப்பு பத்தல. குனிஞ்சு பார்த்தவர் அப்படியே நின்னுட்டார்.

"யார் போட்டது இது?"

"நான்தான்."

"இது துறை முத்திரை. வெளியாள் தொட்டா தண்டனை உண்டு, தெரியுமா?"

"தாராளமா கேஸ் போடுங்க. எதுக்குப் போட்டேன்னு கோர்ட்டுல வந்து நானே சொல்றேன். உங்களை உள்ள பார்க்கிற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது."

அவர் இன்னும் கொஞ்சம் குனிஞ்சு கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ரெண்டு சுத்து சுத்தணும், இப்படிப் போட்டா உருவிடலாம்னார். அந்த நேரத்துலயும் அதுதான் தோணுச்சு அவருக்கு. உருவிடலாம்னு சொன்னவர் உருவல. வெட்டுற குறடு அவர் பையிலயே இருந்துச்சு, அதையும் எடுக்கல. இத்தனை வருஷ சர்வீஸ்ல பார்க்காம எடுத்த சீல் ஒண்ணுகூட இல்ல, கை வருமா?

"நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இப்ப..."

பாதியில நிறுத்திட்டார். அவருக்கே காதுல விழுந்துடுச்சு. சாப்பாட்டு மேஜையில அவர் நடிச்சுக் காட்டுற முதலாளிங்க அத்தனை பேரும் அவர் தொண்டைக்குள்ள இருந்து பேசின மாதிரி இருந்துச்சு. கழுத்துகூடச் சாய்ஞ்சுதான் இருந்துச்சு. துண்டை மடியில போட்டுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்த வால்வையே பார்த்தார். அப்புறம், மகளுக்குப் போன் பண்ணி நாள் வாங்கச் சொல்லுன்னார்.

குடலைக் கழுவுறதுக்கு முந்தின நாள் ஒரு மருந்துத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. அதை அளவுக் குவளையில ஊத்தி, மீதி எவ்வளவுன்னு அறிவிச்சுக்கிட்டே குடிச்சார். ஆஸ்பத்திரியில கேமராக் குழாயோட விட்டம் என்ன, முனையில விளக்கு சூடாகுமா, எத்தனை டிகிரின்னு கேட்டு அந்த நர்ஸை ஒரு வழி பண்ணினார். நர்ஸ் பொறுத்துப் பார்த்துட்டு மயக்க ஊசியைப் போட்டுடுச்சு.

உள்ள ரெண்டு வளர்ச்சி இருந்துச்சு. சின்னதை அங்கேயே கம்பி வளையத்தைப் போட்டு எடுத்துட்டாங்க. பெருசு, புற்றா மாறி இருந்துச்சு. டாக்டரம்மா அதைச் சொன்னப்போ நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணி, குடல்ல ஒரு சாண் அளவு வெட்டி எடுத்துட்டு மீதியைத் தைச்சாங்க. அந்த நாலு மணி நேரமும் ஆபரேஷன் அறை வாசல்ல தம்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். ஒரு கிண்டல், ஒரு பேச்சு இல்ல.

கண்ணு முழிச்சு, எழுந்து உட்கார ஆரம்பிச்சதும் மனுஷன் பழையபடி ஆகிட்டார். பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் படுக்கையில இருந்தே வகுப்பு. நல்லவேளை, ஒரு வருஷம் முன்னாடியே கருகினதை நிறுத்தினேன், இல்லைன்னா இந்நேரம் ஆளே இருந்திருக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். அந்த மேலதிகாரியும் பழத்தோட வந்து, கோழி ஞாபகத்துல கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டுட்டுப் போனார்.

அஞ்சாம் நாள் காலையில டாக்டரம்மா பரிசோதனை முடிவோட வந்துச்சு. நான் அவர் பக்கத்துலதான் நின்னேன். நல்ல சேதிதான் சொல்லுச்சு. வேற எங்கயும் பரவல, இனி விடாம வந்து காட்டிக்கிட்டு இருந்தா போதும். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவர் அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி வெச்சிருந்தார். இது கருகின கறியாலதானே டாக்டர்னு கேட்டார். தனியா ஒரு ஆளைக் காட்டி இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கும் பங்கு இருக்கலாம், வயசுக்கு இருக்கலாம், பரம்பரைக்கு இருக்கலாம்னுச்சு. இவருக்கு முகம் சுருங்கிப்போச்சு.

அப்புறம் டாக்டரம்மா தாளைத் திருப்பிப் பார்த்துட்டு, இவ்வளவு வளர நாளாகியிருக்கும், முதல் முதல்ல ரத்தம் எப்போ பார்த்தீங்கன்னு கேட்டுச்சு. நான்தான் முந்திக்கிட்டேன். ஆபீஸ் விருந்துக்கு அப்புறம், நாலு மாசம் இருக்கும்னேன்.

"இல்ல"ன்னார் அவர்.

என்னைப் பார்க்கல. போர்வையோட நூலைப் பிச்சுக்கிட்டு இருந்தார்.

"அதுக்கு முன்னாடி. போன வருஷமே வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் ஆபீஸ்ல உட்கார்ந்து எதனால வரும்னு தேடினேன். கறின்னு போட்டிருந்துச்சு. அது நம்மால நிறுத்த முடியற விஷயம்தானேன்னு..."

டாக்டரம்மா தாளை மடிச்சு வெச்சுச்சு. அப்பவே வந்திருந்தா பெருசும் அந்தக் கம்பி வளையத்துலயே வந்திருக்கலாம், வெட்ட வேண்டி இருந்திருக்காதுன்னு மெதுவாச் சொல்லிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிடுச்சு.

அந்தத் தாளு, தெர்மாமீட்டரு, திருப்பு திருப்புன்னு போட்ட கூச்சல், அந்த நகக் கத்திரிக்கோல். எல்லாமே பயம். ஒரு வருஷமா ஒரே மெத்தையில பக்கத்துல படுத்துக்கிட்டு, தனியா பயந்துக்கிட்டு கிடந்திருக்கார். அவரை அணைச்சுக்கணும்னும் இருந்துச்சு, கன்னத்துல ஒண்ணு விடணும்னும் இருந்துச்சு. ரெண்டும் செய்யாம கட்டிலோரமா உட்கார்ந்தேன்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் ரொம்ப யோசிக்கல.

"சொன்னா நீ அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்திருப்பே."

ஆமா. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்.